யார் கையில் கடிகாரம்?

1911ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள், 11ஆம் நாள். அமெரிக்க நாட்டில், பாஸ்டன் நகருக்கு அருகேயுள்ள வாட்டர்டவுன் என்னும் ஊர். அங்கே அரசாங்கத்துக்குச் சொந்தமான படைக்கலத் தொழிற்சாலை. அதன் வார்ப்படப் பகுதியிலே, உருக்கிய உலோகத்தை ஊற்றுவதற்கான மணல் அச்சினை அமைக்கும் பணியிலிருக்கிறார் ஒரு தொழிலாளி. குனிந்த முதுகு, கரி படிந்த கை. அவரருகே வந்து நிற்கிறார் மற்றொருவர். வந்தவர் கையிலே சம்மட்டி இல்லை, கரண்டி இல்லை, கடிகாரம் இருக்கிறது! வேண்டும்போது ஓட்டவும் வேண்டும்போது நிறுத்தவும் வல்ல நிறுத்துக் கடிகாரம். மணலை அள்ள எத்தனை நொடி, இடித்து இறுக்க எத்தனை நொடி, நிமிர்ந்து மூச்சுவிட எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ள வந்திருக்கிறார் அவர்.

தொழிலாளி மறுத்தார். மேலதிகாரியிடம் அழைத்துச் சென்றனர், அங்கும் மறுத்தார். வேலை பறிக்கப்பட்டது. உடனே, வார்ப்படத் தொழிலாளர் அத்தனை பேரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினர். ஒருவாரம் உலை குளிர்ந்து கிடந்தது.

கூலி குறைந்தது என்பதற்காக எழுந்த வேலை நிறுத்தமல்ல அது. சொல்லப்போனால், புதுமுறையிலே போனஸ் கிடைக்கும் என்று ஆசை காட்டப்பட்டிருந்தது. பின் ஏன் வெகுண்டனர்? அவர்கள் மேலதிகாரிக்கு அளித்த விண்ணப்பத்திலே காரணம் இருக்கிறது. அரசுக்கு எங்களால் இயன்ற சிறந்த உழைப்பை எந்நாளும் தந்து வந்திருக்கிறோம், எங்கள் தலைமாட்டில் கடிகாரத்தோடு ஆள் நிறுத்துவது எங்களுக்கு இழிவு, இதற்குமேல் பொறுப்பதற்கில்லை என்பது அதன் சாரம். இழிவு! தோழர்களே, அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வயிற்றைப் பற்றிய முறையீடல்ல, மானத்தைப் பற்றிய முறையீடு.

நூறாண்டு கடந்த அந்த நிகழ்ச்சியை இன்று நாம் தூசு தட்டி எடுப்பதற்குக் காரணம், நம் வகுப்பிலே எழுந்த ஒரு கேள்வி. தொழிற்புரட்சி பற்றிய பாடம். நீராவி, நூற்பாலை, நிலக்கரி என்று நாம் வழக்கம்போல் அடுக்கிக்கொண்டே போனோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவன் அக்காள் ஓர் அலுவலகத்தில், தொலைபேசியில் அழைப்போர்க்கு விளக்கம் கூறும் வேலையில் இருக்கிறாள். அவள் பேசும் ஒவ்வொரு பேச்சையும் இப்போது செயற்கை நுண்ணறிவு கேட்கிறதாம். குரலிலே கனிவு இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறதாம். மதிப்பெண் குறைந்த மாதம் ஊக்கத்தொகையும் குறைகிறது. அதைக் கூறிவிட்டு அவன் கேட்டான்: "ஐயா, நீங்களும் எங்களுக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். ஆனால் விடைத்தாளைத் திருப்பித் தருகிறீர்கள். ஏன் குறைத்தீர்கள் என்று நாங்கள் கேட்கலாம். அக்காளுக்கு மட்டும் விடைத்தாளைக் காட்டவே மாட்டேன் என்கிறார்களே, அது ஏன்?"

மணியடித்தது. நம்மைக் காப்பாற்றியது மணிதான், நம் படிப்பல்ல. அன்று சொல்ல முடியாத விடையைத் தேடித்தான் வாட்டர்டவுன் வரை போனோம்.

போன இடத்திலே நம்மை வரவேற்றவர் பிரடரிக் வின்ஸ்லோ டெய்லர். 1856இல் பிலடெல்பியாவில் செல்வக்குடியில் பிறந்து, விரும்பியே பட்டறைத் தொழில் பழகியவர், பின்னர் பொறியியலாளர். தொழிலாளர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கின்றனர், வேலையின் நுணுக்கம் அவர்கள் தலைக்குள்ளே இருக்கிறது, அதனால் முதலாளி ஏமாறுகிறார் என்பது அவருடைய முடிவு. மருந்து என்ன? வேலையைத் துண்டு துண்டாக நறுக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் நொடிக் கணக்கெடு. தொழிலாளியின் அனுபவ அறிவையெல்லாம் திரட்டி விதிகளாக எழுதி நிர்வாகத்தின் மேசையிலே வை. நாளை முதல் சிந்திப்பது மேசை, செய்வது கை. 'விஞ்ஞான நிர்வாகம்' என்று பெயர் சூட்டி, அதே 1911ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார்.

அந்நூலிலே அவர் பெருமையோடு கூறும் கதை ஒன்றுண்டு. பெத்லகேம் உருக்காலையில், வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் பெட்டியில் ஏற்றும் ஒரு தொழிலாளி. நாளொன்றுக்கு 12½ டன் ஏற்றி வந்தவரை, முறைப்படி இயக்கி 47 டன் ஏற்ற வைத்தாராம். கூலி 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டாக உயர்ந்ததாம். கணக்கு வாத்தியாரைக் கேட்க வேண்டியதில்லை, நாமே போட்டுப் பார்க்கலாம். பளு ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி உயர்வு நூற்றுக்கு அறுபத்தொன்று! இந்த வேலைக்கேற்றவன் எருதை ஒத்த மந்த அறிவினனாக இருக்கவேண்டும் என்றும் அவர் எழுதிவைத்தார். கதையிலே டெய்லர் தம் கைச்சரக்கையும் நிறையக் கலந்திருந்தார் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். விஞ்ஞானத்தின் பெயரால் கதை சொல்வது புதிதல்லவே!

வாட்டர்டவுனுக்குத் திரும்புவோம். வேலை நிறுத்தத்துக்கு முந்திய நாள், பொதிக்குதிரைச் சேணத்துக்கான ஓர் உறுப்பின் அச்சை அமைக்கும் வேலை அளக்கப்பட்டது. கடிகாரக்காரர் கண்ட முடிவு, 24 நிமிடம் போதும் என்பது. ஆனால் அவர் அறியாமலே, தொழிலாளருள் ஒருவரும் தம் சாதாரணக் கடிகாரத்தை வைத்து அதே வேலையைக் கணக்கிட்டிருந்தார். அவருடைய கணக்கு 50 நிமிடம்! ஒரே வேலை, ஒரே ஆள், ஒரே பொழுது. இரண்டு கடிகாரங்கள், இரண்டு காலங்கள். எப்படி? கடிகாரம் பொய் சொல்லவில்லை. எதை வேலை என்று எண்ணுவது, எதை வீண் என்று தள்ளுவது என்று முடிவு செய்தவர்கள் வேறு வேறு. மணலின் ஈரத்தைத் தொட்டுப் பார்க்கும் நொடி, வார்ப்படம் அறிந்தவருக்கு வேலை, அறியாதவருக்கு வீண். அளவு என்பது வானத்திலிருந்து விழுவதல்ல. அளப்பவன் ஒருவன் இருக்கிறான்; அவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான்.

இன்று 'கணினி கூறுகிறது' என்கின்றனர். 'அசரீரி கூறிற்று' என்று முன்னம் சொன்னபோது திரைக்குப் பின்னால் யார் என்று எட்டிப் பார்த்தவர்கள் நாம். கணினி என்றதும் கைகட்டி நிற்கலாமா?

வாட்டர்டவுன் தொழிலாளர் கைகட்டி நிற்கவில்லை. கடிகாரத்தை உடைக்கவும் இல்லை. உடைத்தவர்கள் கதை வேறு. 1811, 1812ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலே லுட்டைட்டுகள் பின்னல் தறிகளை நொறுக்கினர். அவர்களை எந்திரமென்றாலே எரிச்சல்படும் மூடர் என்று இன்றும் ஏசுகின்றனர். அது பொய். கூலியைக் குறைத்து, மட்டச் சரக்கை நெய்வித்த முதலாளிகளின் தறிகளைத் தேடித் தேடி உடைத்தனர். மற்றவற்றைத் தொடாமல் விட்டதும் உண்டு. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1812இல் தறியுடைப்புக்குத் தூக்குத் தண்டனை என்று சட்டம் செய்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் எழுந்து எதிர்த்தும் பயனில்லை. 1813 ஜனவரியில், யார்க் நகரில் மட்டும் 17 பேர் தூக்கிலேற்றப்பட்டனர். தறிக்கு உயிரில்லை; ஆனாலும் அதன் பொருட்டு உயிர்கள் போயின.

வாட்டர்டவுன் தொழிலாளர் வேறு வழி சென்றனர். தொழிற்சங்கத்தின் மூலம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கதவைத் தட்டினர். டெய்லர் முறையை விசாரிக்கத் தனிக் குழு அமைந்தது. அதற்குத் தலைவர் வில்லியம் பி. வில்சன். யார் இவர்? ஒன்பது வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறக்கப்பட்ட சிறுவன். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்து உயர்ந்து, சபைக்குள் நுழைந்தவர். பின்னர் 1913இல் அமெரிக்காவின் முதல் தொழிலாளர் துறை அமைச்சராகவும் ஆனவர். 1912 ஜனவரியில், மேசையின் ஒருபுறம் செல்வக்குடியின் டெய்லர், மறுபுறம் சுரங்கச் சிறுவன் வில்சன். காணக் கண் கூசும் காட்சியன்றோ!

டெய்லர் 'முதல்தரத் தொழிலாளி' என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப வழங்கினார். வேகமாகச் செய்யக்கூடியவன் முதல்தரம், அவனுக்கே அளவு. அப்படியானால் முதல்தரமல்லாதவன் கதி என்ன என்று துருவினார் வில்சன். டெய்லர் குதிரைகளை உவமை காட்டினார். பாட வல்ல பறவை பாட மறுப்பதைக் காட்டினார். வில்சன் விடவில்லை. நாம் இங்கே பேசுவது குதிரைகளைப் பற்றியோ பாடும் பறவைகளைப் பற்றியோ அல்ல. மனிதரைப் பற்றி, எந்த மனிதரின் நன்மைக்காகச் சமுதாயமே அமைந்திருக்கிறதோ அவர்களைப் பற்றி என்று இடித்துரைத்தார். நாட்கணக்கில் நடந்த அந்த விசாரணையின் பக்கங்களைப் புரட்டுகையில் நமக்குத் தோன்றியது இதுதான்: டெய்லர் கொடியவரல்லர். தம் முறையால் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நன்மை விளையும் என்று மெய்யாகவே நம்பினார். நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அளக்கப்படுபவனைக் கேளாமலே அவனுக்கு நன்மை செய்துவிடலாம் என்ற எண்ணத்தைத்தான் ஐயுறுகிறோம்.

1915இல் அமெரிக்கச் சட்டசபை படைச் செலவுக்கான மசோதாவிலே ஒரு பிரிவைச் சேர்த்தது. அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளில் நிறுத்துக் கடிகாரம் கொண்டு தொழிலாளரை அளக்க அரசுப் பணத்தைச் செலவிடக்கூடாது என்பது அது. டெய்லர் அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் மறைந்தார். தடையோ 1949 வரை நீடித்தது. இரண்டு உலகப் போர்களுக்கு அந்நாட்டு அரசுச் சாலைகள் படைக்கலம் செய்தன, கடிகாரக்காரர் காவல் இன்றி!

தனியார் ஆலைகளில் கதை வேறு. ஹென்றி போர்டு 1913இல் ஓடும் வரிசையை அமைத்தார். காரின் அடிச்சட்டம் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது 93 நிமிடமாகச் சுருங்கிற்று. ஆனால் ஆட்கள் தங்கவில்லை, ஓடினர். சுமார் 14,000 பேர் தேவைப்பட்ட ஆலைக்கு அவ்வாண்டில் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார், உலகம் வியந்தது. அந்த ஐந்து டாலருக்குப் பின்னே ஒரு வால் உண்டு. ஆலையின் 'சமூகவியல் பகுதி'யைச் சேர்ந்தவர்கள் தொழிலாளியின் வீட்டுக்கே வருவர். குடிப்பவனா, சேமிக்கிறானா, வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கிறானா என்று விசாரிப்பர். தகுதி கண்டாலே முழுத் தொகை. தொழிலாளர் நலன் என்பதே அதற்கிட்ட பெயர்! நலன் என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழாமல், யாருடைய கணக்கேட்டில் எழுதப்பட்ட நலன் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்பது அதனால்தான். 1936இல் சார்லி சாப்ளின் 'மாடர்ன் டைம்ஸ்' எடுத்தபோது, கழிவறைச் சுவரிலும் முதலாளியின் முகம் தோன்றி விரட்டுவதாகக் காட்டினார். மக்கள் சிரித்தனர். அன்று அது வேடிக்கை.

இன்று? பிரான்சு நாட்டிலே, அமேசான் நிறுவனத்தின் பண்டகசாலைத் தொழிலாளர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்கேனர். பொருளை எடுத்தாலும் வைத்தாலும் அது குறித்துக்கொள்ளும். ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் இடையே 1.25 நொடிக்கும் குறைவாகப் பிடித்தால் ஒரு குறி இடப்பட்டது: விரைந்தாய், பிழை செய்திருப்பாய்! பத்து நிமிடத்துக்கு மேல் கருவி ஓய்ந்தால் மற்றொரு குறி இடப்பட்டது: சும்மா இருந்தாய்! ஒரு நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் இடைப்பட்ட ஓய்வுக்கும் ஒரு குறி இருந்தது. விரைந்தாலும் தவறு, நின்றாலும் தவறு. அந்நாட்டின் தனிமனிதத் தகவல் காப்பு ஆணையம், இது அளவு கடந்த வேவு என்று கூறி 3 கோடியே 20 லட்சம் யூரோ தண்டம் விதித்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தது. நிறுவனம் அம்முடிவை ஏற்கவில்லை. வாட்டர்டவுனில் கடிகாரக்காரர் மாலையானால் வீட்டுக்குப் போவார், களைப்படைவார், கண் அயர்வார். இந்தக் கடிகாரத்துக்கோ வீடு இல்லை, களைப்பு இல்லை.

எனினும் ஒருபக்கக் கணக்கை மட்டும் எழுதி முடித்துவிட்டால் நாமும் டெய்லர் செய்த தவறையே செய்தவராவோம். நம் மாணவனின் அக்காள் செய்யும் வேலையைப் பற்றியே ஓர் ஆய்வு 2023இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. வாடிக்கையாளர்க்கு உதவும் 5,000க்கு மேற்பட்ட ஊழியர். அவர்களுக்கு இன்ன பதில் கூறலாம் என்று செயற்கை நுண்ணறிவு யோசனை சொல்லிற்று. ஒரு மணியில் தீர்த்துவைத்த சிக்கல்களின் எண்ணிக்கை சராசரியாக நூற்றுக்கு 14 கூடிற்று. புதிதாகச் சேர்ந்தவர்க்கு அதைவிட மிகுதி. வாடிக்கையாளரின் ஏச்சும் குறைந்தது. புதியவர்கள் வேலையை விட்டு ஓடுவதும் குறைந்தது. இது மெய்யான நலன். மறுக்க நமக்கு உரிமையில்லை. முதல் மாதத்திலே திட்டு வாங்கி அழுதிருக்கக்கூடிய ஒரு பெண், அழாமல் வீடு திரும்பினாள் என்றால் அந்த எந்திரத்தை வாழ்த்தவே செய்வோம்.

ஆனால் அந்த யோசனைகள் எங்கிருந்து வந்தன? அதே அலுவலகத்தில் நெடுநாள் பழகிய திறமையாளர் எப்படிப் பேசினர், எப்படிச் சமாளித்தனர் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் எந்திரம் கற்றது. தலைக்குள் இருந்த நுணுக்கம் மேசைக்கு வந்துவிட்டது. டெய்லர் கனவு கண்டதும் அதையேயன்றோ! திறமையாளர்க்கு அந்த ஆய்விலே தெரிந்த பயனோ மிகச் சிறிது. அண்ணாவியார் சொல்லித் தந்ததை ஊரெல்லாம் பாடுகிறது. அண்ணாவியாருக்குக் காணிக்கை வைக்க மட்டும் மறந்துவிட்டனர்.

எந்திரத்துக்குப் பாடம் புகட்டுவோரில் வேறொரு வகையினரும் உண்டு. 'டைம்' இதழ் 2023 ஜனவரியில் வெளிப்படுத்திய செய்தி அது. சாட்ஜிபிடியின் வாயிலே நஞ்சு வராதிருக்க, நஞ்சு எது என்று அதற்குக் காட்டவேண்டும். கென்யா நாட்டு இளைஞர்கள் நாள் முழுதும் கொலையும் சித்திரவதையும் குழந்தைகள் மீதான கொடுமையும் பற்றிய வாசகங்களைப் படித்துப் படித்துப் பெயர்ச்சீட்டு ஒட்டினர். மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலி. படித்தவை இரவிலும் மனத்தைவிட்டு அகலவில்லை என்று அவர்கள் கூறினர். எந்திரம் பண்போடு பேசுகிறதே என்று நாம் மகிழும்போது, அந்தப் பண்புக்கு உறக்கத்தை விலையாகக் கொடுத்தவர்களை நினைக்காமலிருக்க முடியவில்லை.

மாணவனின் கேள்விக்கு வருவோம். விடைத்தாளைக் காட்டச் சொல்லிச் சட்டம் செய்த இடம் உண்டா? உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் 2021இல் இயற்றி, 2022 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த பண்டகசாலைச் சட்டம். தொழிலாளிக்கு விதிக்கும் அளவு இன்னதென்று எழுத்து மூலம் கொடுக்கவேண்டும். எழுதிக் கொடுக்காத அளவைக் காட்டித் தண்டிக்கக்கூடாது. உணவு வேளையையோ ஓய்வையோ கழிவறைக்குச் செல்வதையோ தடுக்கும் அளவு செல்லாது. அளவு தம்மை வதைக்கிறது என்று கருதும் தொழிலாளி, கடந்த 90 நாட்களில் தம் வேகம் பற்றிக் குறிக்கப்பட்டதையெல்லாம் கேட்டுப் பெறலாம். அதுதான், தம்பி, விடைத்தாள்!

ஐரோப்பிய ஒன்றியத்திலோ, பணியிடத்தில் ஒருவரின் முகத்தையும் குரலையும் கொண்டு அவர் உள்ளத்துணர்ச்சியை எந்திரம் ஊகிப்பது 2025 பிப்ரவரி 2 முதல் தடுக்கப்பட்டுவிட்டது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டுமே விலக்கு. பள்ளிக்கூடங்களுக்கும் அத்தடை உண்டு என்று அறிந்தபோது ஆசிரியராகிய நமக்கும் சற்றே மூச்சு வந்தது.

கேட்டுப் பெற்றவர்களும் இருக்கின்றனர். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தினர் 2023இல் 148 நாட்கள் எழுதுகோலைக் கீழே வைத்தனர். முடிவில் கண்ட உடன்படிக்கையின்படி, எந்திரத்தைக் கொண்டு எழுது என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. கையில் கொடுக்கும் எழுத்து எந்திரம் எழுதியது என்றால் அதை மறைக்கக்கூடாது. விருப்பமிருந்தால், நிறுவனமும் இசைந்தால், எழுத்தாளர் எந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எந்திரத்தை அவர்கள் ஒழிக்கவில்லை. எப்போது, யார் இசைவோடு என்பதை மேசையின் இருபுறமும் அமர்ந்து முடிவு செய்தனர்.

மறுவாரம் வகுப்பில் இவற்றையெல்லாம் கூறினோம். வாட்டர்டவுன் தொழிலாளர் மேலதிகாரிக்கு விண்ணப்பம் எழுதியதைச் சொன்னபோது, பின்வரிசை மாணவன் அதைக் குறித்துக்கொண்டான். சில நாட்கள் சென்று வந்து, அக்காளும் அவளோடு பணியாற்றும் ஆறு பேரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்திருப்பதாகக் கூறினான். எங்கள் குரலுக்கு மதிப்பெண் எவ்வாறு போடப்படுகிறது, குறைந்ததற்குக் காரணம் யாது, தவறென்றால் யாரிடம் முறையிடுவது என்ற மூன்றே கேள்விகள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்களாம். ஆங்கிலத்தில் ஓரிடத்தில் பிழையிருந்ததா என்று பார்த்துச் சொல்லும்படி நம்மிடம் நகலைக் கொடுத்தான். பிழை ஏதுமில்லை.